ஃபெடோர் எமெலியானென்கோ: ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஃபெடோரைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால்?

1976 செப்டம்பர் 28 அன்று, அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் ருபிஷ்னே நகரில் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ரஷ்யாவின் பெல்கோரோத் பகுதியிலுள்ள ஸ்தாரி ஓஸ்கோல் நகருக்குக் குடிபெயர்ந்தது. ரஷ்ய மல்யுத்தக் கலையான சாம்போவும் ஜப்பானின் ஜூடோவும் கற்றார். 2000ஆம் ஆண்டு ஜப்பானின் ரிங்ஸ் அமைப்பில், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ (கலப்புச் சண்டைக் கலை) களத்தில் இறங்கினார். 2003 மார்ச்சில் ஜப்பானின் இன்னொரு எம்எம்ஏ அமைப்பான பிரைட்டின் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தை வென்றார். 2007இல் பிரைட் மூடப்படும் வரை அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. உயரம் 183 செ.மீ., சண்டை நாளில் எடை ஏறக்குறைய 105 கிலோ. ஹெவிவெயிட் பிரிவில் இது சிறிய உடம்புதான்.

பெயரை எப்படிச் சொல்வது?

ரஷ்யர்கள் சொல்வது ‘ஃபியோதர்’ என்று காதில் விழும். ஜப்பானியர் ‘ஹியோடோரு’ என்பார்கள். பழைய பிரைட் ஒளிபரப்புகளில் அறிவிப்பாளர் கத்தும் பெயர் அதுதான். தமிழில் ஃபெடோர் என்றே நிலைத்துவிட்டது.

சாம்போ என்கிறார்களே, அது ஜூடோவிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கி எறிவது இரண்டுக்கும் பொது. சாம்போவில் கால் மூட்டுப் பிடிகளுக்கும் இடமுண்டு. விளையாட்டு சாம்போவில் கழுத்தை நெரிக்கக் கூடாது. போர் சாம்போவில் குத்து, உதை, நெரிப்பு எல்லாம் உண்டு. ஃபெடோர் ஹெவிவெயிட்டில் உலகப் பட்டங்கள் வென்றது இந்தப் போர் சாம்போவில்.

ஆனால் ஃபெடோரைப் புரிந்துகொள்ள விதிகளைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சாம்போவில் தரையில் விழுந்தபின் நிதானமாக இடம் பிடித்து வேலை செய்ய நேரம் கிடையாது. முன்னேற்றம் இல்லையென்றால் நடுவர் சீக்கிரமே எழுப்பிவிடுவார். அதனால் எறிதல் முடியும் கணத்திலேயே கைப்பிடி ஆரம்பித்திருக்க வேண்டும். தரைச் சண்டைக் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் தேர்ந்தவர் படிப்படியாக ஏறும் இடத்தில் சாம்போக்காரர் ஒரே தாவலில் போவார். குத்து, கட்டிப்பிடி, எறிதல், பூட்டு ஆகியவற்றுக்கு நடுவே மற்றவர்களுக்கு ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். ஃபெடோரிடம் அது இல்லை. அவருடைய வெற்றிகளில் பெரும்பாலானவை பிறந்தது அந்த இடத்தில்தான், சில தோல்விகளும் அங்கேதான் பிறந்தன.

2000இல் 17 நொடியில் தோற்றாராமே?

டிசம்பர் 22, ரிங்ஸ் ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ போட்டித்தொடர். அதே இரவில் ரிக்கார்டோ அரோனாவை நடுவர்களின் தீர்ப்பில் வென்றுவிட்டு ட்ஸுயோஷி கோசாகாவைச் சந்தித்தார். கோசாகாவின் வீச்சில் முழங்கை பட்டு ஃபெடோரின் புருவப் பக்கம் கிழிந்தது. மருத்துவர் நிறுத்தினார். ரிங்ஸ் விதிப்படி தலையில் முழங்கை படக் கூடாது. சாதாரணச் சண்டையாக இருந்தால் ‘முடிவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். போட்டித்தொடர் என்பதால் யாராவது ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயாக வேண்டும். கிழிந்த புருவத்தோடு ஃபெடோரால் தொடர முடியாததால் கோசாகாவுக்கு வெற்றி கொடுத்தார்கள்.

2005 ஏப்ரலில் இருவரும் மறுபடி மோதினார்கள். முதல் ரவுண்டு முடிவில் கோசாகாவின் முகம் இருந்த நிலையைப் பார்த்து மருத்துவர் சண்டையை நிறுத்தினார்.

பிரைட் விதிகள் இப்போதைய விதிகளிலிருந்து எவ்வளவு தூரம் வேறு?

நிறையவே. கூண்டுக்குப் பதில் கயிறு கட்டிய ரிங். முதல் ரவுண்டு 10 நிமிடம், அடுத்த இரண்டும் 5 நிமிடம். தரையில் கிடப்பவரின் தலையில் உதைக்கலாம், மிதிக்கலாம், முழங்காலால் இடிக்கலாம். தலையில் முழங்கை மட்டும் கூடாது. ரவுண்டுக்கு 10 புள்ளி என்று எண்ணாமல், முழுச் சண்டையையும் ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சும்மா நின்றால் மஞ்சள் அட்டை, ஊதியத்தில் 10 சதவீதம் போகும்.

ஃபெடோருக்கு இதில் இரண்டு விஷயங்கள் பொருந்தின. ஒன்று, 10 நிமிட ரவுண்டு. தரைக்குக் கொண்டுபோய்விட்டால் மணி அடித்து எதிராளியைக் காப்பாற்றாது. இன்னொன்று, கூண்டுச் சுவர் இல்லாதது. கீழே கிடப்பவர் முதுகைச் சுவரில் சாய்த்து எழுந்துகொள்ளும் வித்தை ரிங்கில் நடக்காது. முழங்கைத் தடையைப் பற்றித்தான் ரசிகர்கள் அதிகம் வாதாடுகிறார்கள். ஃபெடோரின் தரை அடி நீண்ட கையை வீசி அடிப்பது என்பதால், அந்தத் தடை அவரைப் பெரிதாகப் பாதித்ததாகத் தெரியவில்லை.

2003இல் நொகெய்ராவை எப்படி அடித்தார்? அவருடைய கார்டுக்குள் போவது தற்கொலை என்றல்லவா எல்லோரும் சொன்னார்கள்?

எல்லோரும் நம்பியதும் அதுதான். ‘கார்டு’ என்றால் மல்லாந்து படுத்து, மேலிருப்பவரின் இடுப்பைக் கால்களால் சுற்றிப் பூட்டும் நிலை. பிரைட்டின் முதல் ஹெவிவெயிட் சாம்பியனான அந்தோனியோ ரொட்ரிகோ நொகெய்ரா அங்கிருந்து முக்கோணப் பிடியும் (கால்களால் கழுத்தை நெரிப்பது) ஆர்ம்பாரும் (கையை நீட்டி முழங்கையைப் பூட்டுவது) போடுவதில் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஹெவிவெயிட். ராட்சதரான பாப் சாப்பையே 2002இல் ஆர்ம்பாரில் வீழ்த்தியிருந்தார். மார்ச் 16, யோகோஹாமா அரங்கில் ஃபெடோர் வலியப் போய் அந்தக் கார்டுக்குள்ளேயே உட்கார்ந்தார். 20 நிமிடமும் அடித்துத் தீர்ப்பில் வென்றார்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். முதலில் முதுகு. மார்போடு மார்பு படுக்காமல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தலையை நிமிர்த்தி வைத்திருப்பார். கீழே இருப்பவர் தலையை இழுத்துக் குனிய வைக்க முடியாவிட்டால் எந்தப் பிடியும் தொடங்காது.

இரண்டாவது, கைகள். முக்கோணப் பிடிக்கு எதிராளியின் ஒரு கை கால்களுக்கு உள்ளேயும் மறு கை வெளியேயும் இருக்க வேண்டும். ஃபெடோர் அடித்த கையை உடனே பின்னுக்கு இழுத்து முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொள்வார். ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே என்ற நிலை அரை நொடிக்கு மேல் நீடிக்காது.

மூன்றாவதுதான் மற்றவர்களால் நகலெடுக்க முடியாதது: குத்தின் எடை. பாதி எழுந்து, இடுப்பிலிருந்து உடம்பையே சாய்த்து, தோள் சுழல வீசுவார். நொகெய்ரா கால்களை மேலே ஏற்றத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் திறப்பு வழியாகவே குத்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நொகெய்ரா பிடி போடுவதை விட்டுத் தலையைக் காக்க வேண்டியதாயிற்று.

இதில் ஆபத்தும் உண்டு. குத்து தவறினால் உடம்பு முன்னுக்குச் சரியும், முதுகு குனியும், கை உள்ளே மாட்டும். 2003இல் அந்தத் தவறை அவர் செய்யவில்லை. 2010இல் செய்தார். அது கீழே வருகிறது.

நொகெய்ராவோடு மொத்தம் எத்தனை தடவை?

மூன்று. இரண்டாவது 2004 ஆகஸ்ட் 15, பிரைட்டின் கிராண்ட் பிரி போட்டித்தொடரின் இறுதி. அன்றே அரையிறுதியில் நவோயா ஒகாவாவை 54 நொடியில் ஆர்ம்பாரில் முடித்துவிட்டு வந்தார். இறுதியில் தலையோடு தலை தற்செயலாக மோதி ஃபெடோருக்கு வெட்டு விழுந்ததால் ‘முடிவில்லை’. மூன்றாவது அதே ஆண்டு டிசம்பர் 31. இந்த முறை பெரும்பாலும் நின்றே சண்டை, எறிந்தாலும் கார்டுக்குள் தங்கவில்லை. ஒருமனதான தீர்ப்பு. ஒரே எதிராளியை இரண்டு நேர்மாறான திட்டங்களால் வென்றது ரசிகர்கள் போதுமான அளவு பேசாத விஷயம்.

அந்த வினோதமான வலது கை வீச்சுக்கு என்ன பெயர்? ஏன் கையை உடைத்துக்கொள்கிறார்?

தூண்டில் வீசுவது போல் இருப்பதால் ‘காஸ்டிங்’ குத்து என்பார்கள். சாதாரணக் கொக்கிக் குத்தில் முழங்கை வளைந்து தோள் மட்டத்தில் வரும். இதில் தோள் உள்ளுக்குச் சுழன்று முழங்கை மேலே தூக்கும், கட்டைவிரல் தரையைப் பார்க்கும், கை ஏறக்குறைய நீண்டபடியே மேலிருந்து இறங்கும். இரண்டு லாபம். எதிராளியின் தற்காப்புக் கைக்கு மேலாகப் போகிறது. பட்டாலும் படாவிட்டாலும் கை எதிராளியின் கழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அங்கிருந்து பிடித்து இழுத்தால் எறிதல் தயார். சாம்போக்காரர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இரண்டாவது லாபம்.

விலை கைக்குத்தான். சுழற்சி ஒரு விரற்கடை பிசகினாலும் ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளுக்குப் பதில் கட்டைவிரல் பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ நெற்றி எலும்பில் மோதும். பயிற்சியில் முயல்பவர்கள் முதலில் பையில், பாதி வேகத்தில், மணிக்கட்டை நேராக வைத்துப் பழக வேண்டும். இன்னொரு பிழை: கையை வீசிவிட்டு மறு கையைத் தாடையிலிருந்து இறக்குவது. ஃபெடோரே அதைச் செய்தார். வேகம் இருந்தவரை தண்டனை கிடைக்கவில்லை.

கீழே படுத்து அவர் போட்ட ஆர்ம்பார் ஏன் அவ்வளவு வேகம்?

மார்க் கோல்மன் (2004இல் 2 நிமிடம் 11 நொடி), ஹாங் மன் சோய் (2007இல் 1 நிமிடம் 54 நொடி) ஆகியோர் அதில் தட்டித் தோற்றார்கள். தட்டுவது என்றால் தோல்வியை ஒப்புக்கொள்வது. வழக்கமான படிகள் இவை. மேலிருப்பவரின் மணிக்கட்டை இரு கையாலும் பிடித்து மார்போடு ஒட்டவைப்பது. அந்தப் பக்கக் காலை அவர் இடுப்பில் ஊன்றி உங்கள் உடம்பைப் பக்கவாட்டில், ஏறக்குறைய செங்கோணத்துக்குத் திருப்புவது. மறு காலை அவர் அக்குளுக்குள் உயரமாக ஏற்றி முதுகை அழுத்துவது. முதல் காலைத் தலைக்கு மேலாகப் போடுவது. முழங்கால்களை இறுக்கி, அவர் கட்டைவிரலை மேல்நோக்கி வைத்து, இடுப்பை உயர்த்துவது.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். உடம்பு திரும்பாமல் நேராகக் கிடந்தால் கால் தலைக்கு மேல் எட்டாது, மேலிருப்பவர் எடையைக் கழுத்தில் போட்டு மடித்துவிடுவார். முழங்கால்கள் விரிந்தால் முழங்கை இடுப்பைத் தாண்டி வழுக்கி வெளியேறும். வியர்வையும் சேர்ந்தால் நொடியில் போய்விடும்.

பலர் படிகளைத் தனித்தனியாகச் செய்கிறார்கள். ஃபெடோர் திரும்புதலையும் கால் போடுதலையும் ஒரே அசைவாக்கினார், அதுவும் எதிராளி எதற்காகவோ கையை நீட்டிய கணத்தில். 218 செ.மீ. உயரமுள்ள சோய் மேலே விழுந்து குத்த நீட்டிய கையே அவருக்கு வினையானது.

ராண்டில்மன் தலைகீழாகத் தூக்கி அறைந்தாரே, அது உண்மையில் ஆபத்தா?

ஆபத்துதான். 2004 ஜூன் 20, கெவின் ராண்டில்மன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கி வளைத்து எறிந்தார். ஃபெடோர் கழுத்தும் தோளும் முதலில் படும்படி விழுந்தார். கழுத்து முறிந்திருக்கலாம். சாம்போவிலும் ஜூடோவிலும் விழப் பழகிய உடம்பு தாடையை நெஞ்சில் ஒட்டித் தோளைத் திருப்பிக் கொடுத்தது. விழுந்ததுமே புரண்டு மேலே வந்து ராண்டில்மனின் கையை முறுக்கும் கிமுராவுக்குள் போனார். மொத்தச் சண்டையும் 1 நிமிடம் 33 நொடி.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 2003 ஜூனில் கஸுயுகி ஃபுஜிட்டாவோடு நடந்தது. ஒரு வலது குத்தில் ஃபெடோரின் கால்கள் தள்ளாடின. அவர் செய்தது: கட்டிப்பிடித்து மயக்கம் தெளியக் காத்திருந்தார், பிரிந்தார், உடம்பில் உதைத்தார், குத்தினார், பின்னாலிருந்து கழுத்தை நெரித்தார். 4:17இல் ஃபுஜிட்டா தட்டினார்.

கிரோ காப் சண்டையை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்?

2005 ஆகஸ்ட் 28, சைதாமா சூப்பர் அரங்கம். மிர்கோ ‘கிரோ காப்’ ஃபிலிபோவிச்சின் இடது காலின் உயர உதை பலரை நின்ற இடத்திலேயே சாய்த்திருந்தது. முன்பே 2003இல் நடக்க வேண்டிய மோதல் இது. கைக் காயத்தால் ஃபெடோர் விலக, நொகெய்ராவும் கிரோ காப்பும் இடைக்காலப் பட்டத்துக்கு மோதினார்கள். அதனால் எதிர்பார்ப்பு இரண்டு ஆண்டுகள் ஊறிக் கிடந்தது.

உயர உதைக்குத் தூரம் வேண்டும். உதைப்பவர் முன்னே வரும்போதோ நிலையாக நிற்கும்போதோதான் இடுப்பு முழுதாகத் திரும்பும். பின்வாங்கும்போது எடை குதிகாலில் இருக்கும், உதை பாதியாகிவிடும். ஆகவே ஃபெடோர் முதல் நிமிடத்திலிருந்தே முன்னே நடந்தார். கொடுத்த விலையும் சிறிதல்ல. கிரோ காப்பின் நேர்க்குத்தில் மூக்கில் ரத்தம், விலாவில் உதை பட்டுச் சிவந்த தழும்பு. முதல் ரவுண்டின் முதல் பாதி கிரோ காப்புக்குச் சாதகம் என்றே சொல்லலாம். ஆனால் பின்காலிலேயே நின்று சண்டையிடுபவர் சீக்கிரம் களைப்பார். ரவுண்டின் பிற்பகுதியில் தரைக்கு இழுத்து விலாவிலும் தலையிலும் அடிக்கத் தொடங்கியதும் போக்கு மாறியது. மூன்றாவது ரவுண்டில் கிரோ காப்பிடம் உதைக்க மூச்சு இல்லை. ஒருமனதான தீர்ப்பு. ஹெவிவெயிட் சண்டை ஒன்றைக் கற்றுக்கொள்வதற்காகப் பார்க்க விரும்பினால் இதைப் பாருங்கள்.

பலவீனமானவர்களோடு மோதித்தான் கணக்கைச் சேர்த்தார் என்கிறார்களே?

சுலுஸின்ஹோ (26 நொடி), சோய் போன்ற காட்சிச் சண்டைகள் உண்டு, மறுக்க முடியாது. ஜப்பானிய ஆண்டிறுதி நிகழ்ச்சிகளின் வழக்கம் அது. ஆனால் அதே பட்டியலில் கோல்மன், ராண்டில்மன், சில்வியா, ஆர்லாவ்ஸ்கி, மிர் என அமெரிக்காவின் பெரிய எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சியின் ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்த ஐந்து பேர் இருக்கிறார்கள். நொகெய்ராவும் பின்னாளில் அங்கே இடைக்காலப் பட்டம் வென்றார்.

யுஎஃப்சிக்கு ஏன் போகவில்லை?

பணம் மட்டும் காரணமல்ல. அவருடைய மேலாளர்கள் நடத்திய எம்-1 அமைப்பு, நிகழ்ச்சிகளைக் கூட்டாக நடத்த வேண்டும் என்று நின்றது. யுஎஃப்சி அதற்கு ஒப்பவில்லை. 2009இல், ஃபெடோரோடு மோதவிருந்த ஜோஷ் பார்னெட் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அஃப்ளிக்ஷன் நிறுவனத்தின் நிகழ்ச்சி ரத்தானபோது மறுபடி பேச்சு நடந்தது. அப்போதும் அதே முட்டுக்கட்டை. ஃபெடோர் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற வேறோர் அமெரிக்க அமைப்புக்குப் போனார். வருத்தமான விஷயம்தான். அவருடைய உச்சம் 2003 முதல் 2005 வரை. யுஎஃப்சிக்கு 2009இல் வந்திருந்தாலும் அந்த மனிதரை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

ஆர்லாவ்ஸ்கி நாக் அவுட்: அதிர்ஷ்டமா?

2009 ஜனவரி 24. மூன்று நிமிடம் வரை ஆர்லாவ்ஸ்கியின் குத்துச்சண்டை மேலோங்கியிருந்தது உண்மை. ஃபெடோர் மூலைக்குப் பின்வாங்கினார், ஆர்லாவ்ஸ்கி முழங்காலால் இடிக்கத் தாவினார். காற்றில் இருப்பவரால் தலையை நகர்த்த முடியாது. வலது கை நேராகத் தாடையில். 3:14. குப்புற விழுந்தார். தாவியது ஆர்லாவ்ஸ்கியின் பிழை. அதைக் கண்ட கணத்தில் குத்தைப் புறப்படவிட்டது அதிர்ஷ்டத்தில் வராது. ஆனால் அதுவரை வாங்கிய அடி, வேகம் குறையத் தொடங்கியதற்கான முதல் அடையாளம்.

வெர்டுமிடம் தோற்றது எப்படி? என்ன செய்திருக்க வேண்டும்?

2010 ஜூன் 26, சான் ஹோசே. 27 வெற்றி, ஒரு ‘முடிவில்லை’ என ஏறக்குறைய பத்து ஆண்டு தோல்வியின்றி வந்தவர் 1 நிமிடம் 9 நொடியில் தட்டினார். ரசிகர்கள் அன்று உறைந்துபோனார்கள்.

குத்தில் ஃபாப்ரிசியோ வெர்டும் விழுந்தார். பலமாக அடிபட்டு விழுந்தாரா, வசதிக்கு விழுந்தாரா என்பது இன்றும் விவாதம். ஃபெடோர் முடித்துவிடும் ஆவலில் அவர் கால்களுக்கு நடுவே பாய்ந்தார். முதுகு குனிந்திருந்தது, ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. நொகெய்ராவிடம் 20 நிமிடம் செய்யாத பிழை முதல் அரை நிமிடத்திலேயே நடந்தது. வெர்டும் முக்கோணத்தைப் பூட்டினார். ஃபெடோர் ஒருமுறை தளர்த்திக்கொண்டார். அந்தக் கணத்தில் எழுந்து பின்வாங்கி வெர்டுமை நிற்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் மறுபடி அடிக்கப் போனார். இரண்டாவது பூட்டு இன்னும் இறுக்கம், கூடவே கையும் மாட்டியது.

அதற்குப் பிறகு ஏன் அடுத்தடுத்துச் சரிந்தார்? உடம்பு சிறியது என்பதாலா?

2011 பிப்ரவரியில் அந்தோனியோ சில்வா மேலே ஏறி உட்கார்ந்து அடித்தார். கண் மூடிப்போக, இரண்டாவது ரவுண்டுக்குப் பிறகு மருத்துவர் நிறுத்தினார். அன்று எடை வித்தியாசம் ஏறக்குறைய 15 கிலோ. பாதி விளக்கம் அதில் கிடைக்கிறது. ஆனால் ஜூலையில் டேன் ஹென்டர்சன் அவரைவிட எடை குறைந்தவர். ஃபெடோர் அவரை வீழ்த்தி மேலே பாய்ந்தார். ஹென்டர்சன் அடியிலிருந்து நழுவிப் பின்பக்கம் வந்து அக்குளுக்குக் கீழாகக் குத்தினார். 4:12இல் நடுவர் நிறுத்தினார்.

வெர்டும், ஹென்டர்சன் இரண்டிலும் ஒரே காட்சிதான்: எதிராளி விழுகிறார், ஃபெடோர் இடம் பிடிக்காமல் பாய்கிறார். முன்பு அந்தப் பாய்ச்சல் எதிராளி சுதாரிப்பதற்கு முன்பே வேலையை முடித்துவிடும். 34 வயதில் கால் நொடி தாமதம். பாணி மாறவில்லை, அதைத் தாங்கிய வேகம் மட்டும் போயிற்று.

ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தது தேவையா?

2012 ஜூனில் பெட்ரோ ரிசோவை வென்று விலகினார். 2015 டிசம்பர் 31 அன்று ஜப்பானில் ஜெய்தீப் சிங்கோடு மோதித் திரும்பினார். 2016இல் ஃபாபியோ மால்டொனாடோவிடம் முதல் ரவுண்டில் கடுமையாக அடிவாங்கியும் தீர்ப்பில் வென்றார். அந்தத் தீர்ப்பை ரசிகர்களிலேயே பலர் ஏற்பதில்லை. அதன் பிறகு மிட்ரியோனிடம் தோல்வி, 2018இல் ஃப்ராங்க் மிரை 48 நொடியில் வென்றது, 2019 ஜனவரியில் ரயன் பேடரிடம் 35 நொடியில் தோல்வி. தேவையா என்று கேட்டால், 2021 அக்டோபரில் மாஸ்கோவில், 45 வயதில், டிம் ஜான்சனை 1:46இல் சாய்த்த அந்த இரட்டைக் குத்தைப் பாருங்கள். கைகளில் பழைய தாளம் அப்படியே இருந்தது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்த வரிசையில் பார்க்கலாம்?

ராண்டில்மன், ஃபுஜிட்டா இரண்டும் சேர்ந்து ஆறு நிமிடம்கூட வராது, அங்கே தொடங்குங்கள். பிறகு 2003 நொகெய்ரா, உடனே 2004 டிசம்பர் நொகெய்ரா. அடுத்து கிரோ காப். கடைசியாக வெர்டும். நொகெய்ராவைப் பார்க்காமல் வெர்டும் சண்டையைப் பார்த்தால் அங்கே என்ன தவறியது என்பது பிடிபடாது.

இறுதிக் கணக்கு என்ன?

40 வெற்றி, 7 தோல்வி, 1 ‘முடிவில்லை’. வெற்றிகளில் 16 நாக் அவுட், 15 பிடி, 9 தீர்ப்பு. கடைசிச் சண்டை 2023 பிப்ரவரி 4, கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட், மறுபடியும் பேடர். முதல் ரவுண்டின் 2:30இல் நடுவர் நிறுத்தினார்.